மீசைக்குச் சாட்சி சொன்ன பி.ஏ.

சரித்திரத்தில் பி.ஏ. படித்தவனுக்குச் சரித்திரம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பாவம். நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பிக்கொண்டிருந்தவன்தான். அந்த நம்பிக்கை அதியமான்கோட்டையில், ஒரு சோளக்காட்டு ஓரத்தில், ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சென்னையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் எடுத்துப் படித்தேன். எடுத்ததற்கு ஒரே காரணம், அதில் கணக்கு கிடையாது. டிபார்ட்மெண்ட் தலைவரிடம் அதைச் சொல்ல முடியுமா? நாட்டின் பழமையை அறிய ஆவல் என்றேன். அவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பாடப் பட்டியலை நீட்டினார். இங்கிலாந்தின் அரசியல் சட்ட வரலாறு, ஐரோப்பிய வரலாறு, அப்புறம் போனால் போகிறது என்று இந்திய வரலாறு. அந்த இந்தியாவும் வடக்கே தொடங்கி வடக்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். தெற்கே வருவதற்குள் கோடை லீவு வந்துவிடும். ஆறு கல்யாணம் செய்துகொண்ட இங்கிலீஷ் ராஜாவின் பெண்டாட்டிகள் பெயரை வரிசையாக ஒப்பிப்பேன். எங்கள் இண்டூர் ஏரியை வெட்டியது யார் என்று கேட்டால் முழிப்பேன். (நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.)

இருந்தாலும் லீவில் ஊருக்கு வரும்போது என் தோரணை இருக்கிறதே! மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடி மூச்சு வாங்குகிற பஸ்ஸைப் பாதி வழி தள்ளிக்கொண்டு வந்தாலும், கையில் இருக்கும் தடித்த புத்தகத்தின் அட்டை எல்லோருக்கும் தெரியும்படி பிடித்திருப்பேன்.

அப்படி ஒரு லீவில்தான் எனக்குப் பெண் பேசினார்கள். அதியமான்கோட்டை மாரக் கவுண்டரின் மகள் மாதம்மாள். எங்கள் ஊர்த் திருவிழாவில் அவளை ஏற்கெனவே பார்த்திருந்தேன். பார்த்த நாளிலிருந்து ஐரோப்பாவில் எந்த நாடு எந்த நாட்டோடு சண்டை போட்டது என்பதே மறந்துபோயிருந்தது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

குறுக்கே வந்து நின்றது ஒரு கல். மாரக் கவுண்டருக்கும் அவர் தம்பி முனியக் கவுண்டருக்கும் பொதுவான காட்டில் பழைய நடுகல் ஒன்று இருந்தது. என்றோ சண்டையில் செத்தவர்களுக்கு நட்ட இந்த மாதிரிக் கற்கள் எங்கள் பக்கம் நிறைய. எல்லாவற்றையும் வேடியப்பன் என்று கும்பிடுவோம். ஆடியில் பொங்கல் வைக்கும்போது முதல் பானை அண்ணன் வீட்டுடையதா, தம்பி வீட்டுடையதா என்று தகராறு வந்து, இரண்டு வருஷமாகப் பொங்கலும் இல்லை, பேச்சும் இல்லை. சித்தப்பன் வந்து நிற்காமல் பெண்ணைக் கட்டிக் கொடுக்க முடியாது. ஆகவே கல்யாணம் நடக்க வேண்டுமானால் முதலில் பானை விவகாரம் தீர வேண்டும். கல்லில் நாலு வரி எழுத்து இருந்தது. வரப்போகிற மாப்பிள்ளையோ சரித்திரம் படிக்கிறவன். அவன் படித்துச் சொல்லட்டும், இரண்டு பேரும் கட்டுப்படுகிறோம் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

என் அப்பா பெருமையோடு வந்து சொன்னார். அந்தப் பழைய எழுத்தை நான் ஜென்மத்தில் படித்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்; நாலே எழுத்து. சொன்னால் படிப்பின் மானமும் போகும், மாதம்மாளும் போய்விடுவாள் என்று பயந்தேன்.

குறித்த நாளில் போனேன். வேடியப்பன் இடுப்பில் வேட்டி, உடம்பெல்லாம் விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு, முகத்தில் மையால் எழுதிய முறுக்கு மீசை. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். (கண் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடி சும்மா அழகுக்கு வாங்கியது.) எழுத்தின் மேல் விரலை ஓட்டி "ம்ம்" என்றேன். பரீட்சையில் விடை தெரியாதபோது காரணங்கள், விளைவுகள் என்று தலைப்புப் போட்டு நாலு பக்கம் எழுதுவேனே, அதே வித்தைதான். இவன் பெரிய வீரன், மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தான், மீசையைப் பாருங்கள், படைத்தலைவனுக்குத்தான் இப்படி இருக்கும், மூத்தவன் வழிக்கே முதல் பூசை என்று கடைசி வரியில் தெளிவாக எழுதியிருக்கிறது என்று அடித்துவிட்டேன். மூத்தவர் என் வருங்கால மாமனார் என்பது முற்றிலும் தற்செயல்.

மாரக் கவுண்டர் முகம் மலர்ந்தது. முனியக் கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மாதம்மாள் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"சித்தப்பா, நில்லுங்க. அதுக்கு மீசையே கெடையாதுங்க. நம்ம ஆளுங்கதான் வருசா வருசம் எழுதறாங்க. கையில வளையல் இருக்குது."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் அவள் அப்பா.

"பொங்கலுக்கு மொத நாள் சீயக்கா போட்டுத் தேய்க்கறது நாந்தானுங்களே."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். யாரும் கேட்கவில்லை என்றாள்.

தண்ணீர் வந்தது, சீயக்காய் வந்தது. வேட்டியை அவிழ்த்துத் தேய்க்கத் தேய்க்க என் படைத்தலைவன் கரைந்துகொண்டே போனான். முதலில் மீசை போயிற்று. அப்புறம் கொண்டை தெரிந்தது, காதில் தோடு தெரிந்தது, தூக்கிய கையில் மூன்று வளையல் தெரிந்தது. ஐம்பது பேரும் கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

முனியக் கவுண்டர்தான் நிதானமாகக் கேட்டார்.

"எழுத்துல நெசமா என்னங்க இருக்குது?"

"தெரியாதுங்க மாமா. காலேஜில இது பாடத்துல இல்லீங்க."

"அப்ப என்னதான் சொல்லித் தராங்க?"

"இங்கிலீஷ்கார ராஜாக்களப் பத்திங்க."

"அவிங்க நமக்கு என்ன மொறை ஆகணும்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் டிபார்ட்மெண்டில் யாரும் நோட்ஸ் கொடுத்ததில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மாரக் கவுண்டர் கொதித்துப்போய்விட்டார். சாமி முன்னால் நின்று புளுகுகிறவனுக்குப் பெண் கிடையாது என்று எழுந்தே விட்டார். நியாயந்தானே? எனக்கு அழாத குறை. கடைசியில் என்னைக் காப்பாற்றியது, நான் யாருடைய பானையைக் கவிழ்க்கப் பார்த்தேனோ அந்த முனியக் கவுண்டர்தான். பொம்பளை சாமி என்று ஆகிவிட்டது, இனி ரெண்டு வூட்டுப் பெண்களும் சேர்ந்தே பானை வைக்கட்டும், நாம் இரண்டு பேரும் தள்ளி நிற்கலாம் என்று அண்ணனிடம் சொன்னார். பையன் புளுகினாலும் கேட்டதும் ஒத்துக்கொண்டானே என்றார். பிறகு, இவனைக் கட்டிக்கொள்கிறாயா என்று அண்ணன் மகளிடமே கேட்டார். மாதம்மாள் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து யோசித்தாள். அந்த நேரத்தில் நான் பட்ட பாட்டை எந்தப் பரீட்சை ஹாலிலும் பட்டதில்லை.

"கட்டிக்கறேனுங்க சித்தப்பா. ஆனா இனிமே கல்ல அவருதான் தேய்க்கணும்."

அந்தத் தையில் கல்யாணம் நடந்தது. பி.ஏ. தேறி, தர்மபுரியில் வாத்தியாராகி, அதே இங்கிலீஷ் ராஜாக்களை ஊர்ப் பிள்ளைகளின் தலையிலும் கட்டி, ரிடையரும் ஆகிவிட்டேன். தேய்க்கிற உத்தியோகத்துக்கு மட்டும் ரிடையர்மெண்ட் கிடையாது. இன்றைக்கும் ஆடி வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீயக்காய்க் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்துவிடுவேன். குடும்பத்துக்குப் புதிதாக வரும் மாப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, மீசைக்குச் சாட்சி சொன்ன பி.ஏ. இவருதான் என்று காட்டுவார்கள். மாதம்மாள் பின்னால் நின்று, கை இடுக்கில் இன்னும் பிசுக்கு இருக்கிறது என்று மேற்பார்வை பார்ப்பாள். வந்த மாப்பிள்ளைகளில் யாராவது ஒருவர் மரியாதைக்காக, கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொல்லிவிடுவாள்.

"அவரு காலேஜில அது பாடத்துல இல்லீங்களாம்."