ஏணிக்காரர் பறந்த கதை

"நூத்திப் பத்து கிலோ" என்றார் ஏணிக்காரர், வாய் கூசாமல்.

கவுண்டரில் இருந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஈரத்துணியோடு நிறுத்தாலும் எழுபதைத் தாண்டாத உடம்பு.

"யாரு சார், நீங்களா?"

"பாத்தா தெரியாதும்மா. எனக்கு எலும்பு கனம்."

கடற்கரையில் அந்தக் கவுண்டருக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. படகு இழுக்க, பாராசூட்டில் தொங்கியபடி நகரத்தின் மேலே ஒரு சுற்று. பாராசெய்லிங். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'நூறு கிலோவுக்கு மேற்பட்டவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும்.' தெரிவித்தால் வேண்டாம் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அவர் தெரிவித்தார்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்றாள் அந்தப் பெண். "கனமான ஆளுங்களுக்குன்னே பெரிய பாராசூட் வச்சிருக்கோம். அதுக்குக் கயிறும் நீளம். மத்தவங்க போற மாதிரி டபுள் உயரம் போகலாம்."

சொல்லிவிட்டு, அட்டையில் செருகியிருந்த தாளில் ஒரு டிக் போட்டாள்.

ஏணிக்காரர் அந்தப் பொடி எழுத்தை இன்னொரு தரம் படித்தார். பக்கத்தில் நின்ற மனைவி, நேற்று சாயங்காலம் வாங்கிய சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பாத்தீங்களா, உங்களுக்குன்னு தனி மரியாதை" என்றாள்.

அவர் ஏணிக்கடை மேனேஜர். மடக்கும் ஏணி, நீட்டும் ஏணி, சக்கரம் வைத்த ஏணி என்று இருபத்தைந்து வருடமாக விற்கிறார். ஒன்றிலாவது இரண்டாம் படியைத் தாண்டி ஏறியவர் இல்லை. "கொஞ்சம் ஏறிக் காட்டுங்களேன்" என்று யாராவது கேட்டால், "நாளைக்கு ஏறப்போறது நீங்க. நான் ஏறி என்ன பிரயோஜனம்?" என்று சொல்லி ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிடுவார். உயரம் என்றால் அப்படி ஒரு பயம். முதல் மாடி பால்கனியில்கூடச் சுவரோடு ஒட்டித்தான் நிற்பார்.

சரி, அப்படிப்பட்ட மனுஷன் 'எனக்குப் பயம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், கடையில் சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற ஒரு முக்காலி மேல் ஏறினார். ஏறியவர் சும்மா இருக்காமல் கீழே பார்த்தார். தலை சுற்றியது, விழுந்தார், வலது கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுக்குக் கீழே தலையணை வைத்த நர்ஸ், கட்டில் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டாள். அழகான பெண். ஏணிக்கடைக்காரன் முக்காலியிலிருந்து விழுந்தேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

"பாராசூட்ல குதிச்சேன்" என்றார்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவர் அன்று ஒரு விமானத்தையே வரவழைத்திருப்பார். ஒரு கிளப், பயிற்சி, மேகம், திசைமாறிய காற்று என்று கதை வளர்ந்தது. காதலும் வளர்ந்து கல்யாணத்தில் முடிந்தது. பிறகு மகள் பிறந்து, மூன்றாம் வகுப்பில் 'எங்கப்பா வானத்திலிருந்து குதித்தவர்' என்று கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினாள். அது சட்டம் போட்டு ஹாலில் தொங்குகிறது. வருகிற விருந்தாளி எல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். இனி எங்கே போய் முக்காலி என்று சொல்வது? சொன்னால் அந்த வீட்டில் அவருக்கு இருக்கிற ஒரே கௌரவமும் போய்விடும்.

விடுமுறைக்குக் கடலோர நகரம் என்றதும் மணலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம் என்றுதான் வந்தார். இன்று காலை காபி குடிக்கும்போது மனைவி குண்டைத் தூக்கிப் போட்டாள். "நேத்து தொப்பி வாங்கப் போனேன்ல, அப்படியே பாராசெய்லிங் டிக்கெட்டும் எடுத்துட்டேன். நீங்களும் நானும் ஜோடியா."

மகள் துள்ளிக் குதித்தாள். "அப்பா! இத்தனை வருஷம் கழிச்சு மறுபடியும் வானத்துல! நான் கரையிலேருந்து வீடியோ எடுக்கறேன்."

ஆக, எடை என்ற முதல் சாக்கு இப்படி இரண்டு மடங்கு உயரமாக முடிந்தது. ஏணிக்காரர் அடுத்ததை எடுத்தார்.

"அது வந்தும்மா, எனக்கு முட்டி சரியில்ல. பழைய அடி. பாராசூட் அடி. டாக்டர் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கச் சொல்லியிருக்கார்."

அந்தப் பெண் மேஜை டிராயரைத் திறந்து முட்டியில் மாட்டும் பட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். "வலது கால்ல மாட்டிக்குங்க சார். நீங்க மணல்ல ஓடவே வேண்டாம். படகுலேருந்தே நேரா மேல ஏத்திடுவோம். சோபா மாதிரி உக்காந்துக்கிட்டே போகலாம்."

அதாவது, மணலில் ஓடும்போது தடுக்கி விழுந்து தப்பிக்கலாம் என்று மனசுக்குள் வைத்திருந்த யோசனையும் காலி. எந்தக் கால் என்று தான் சொல்லவே இல்லையே என்பதுகூட அந்தக் கலவரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. பட்டையை மாட்டிக்கொண்டார். கச்சிதமாகப் பொருந்தித் தொலைத்தது.

டிக்.

"என்னம்மா, சும்மா சும்மா டிக் போடற?"

"ஃபார்ம் சார். எல்லாம் முறைப்படி இருக்கணும்ல."

"நல்ல பழக்கம்" என்றாள் மனைவி. அவள் இப்போது ஆப்பரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸ். வீட்டில் பல்பு மாற்றுவதானாலும் தாளில் எழுதி ஒவ்வொன்றாக டிக் போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். "எண்ணாம விட்டா கத்தரிக்கோல் வயித்துக்குள்ளயே தங்கிடும்" என்பாள்.

ஏணிக்காரர் கடல் பக்கம் நாலு எட்டு நடந்தார். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு உயரே நீட்டினார். இதை எங்கேயோ பார்த்திருக்கிறார். கண்ணை இடுக்கிக்கொண்டு, "காத்து சரியில்லையே. நான் இதுல பழகினவன், சொல்றேன். இன்னிக்குப் பறக்கறது தப்பு" என்றார்.

படகோட்டி ஓடி வந்தான். முப்பது வயசு, தொண்டை மட்டும் மூன்று பேருக்கு உண்டானது.

"சார் நீங்க பாராசூட்ல குதிச்சவரா? அட, முன்னாடியே சொல்லக் கூடாதா!" என்றவன், வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் இங்க வாங்க! சார் விமானத்துலேருந்தே குதிச்சவராம்! இவர் போறதைப் பாத்துட்டுப் போனா உங்களுக்குப் பயமே வராது!" என்று கத்தினான்.

இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கைகோத்தபடி முன்னால் வந்தது. "அங்கிள், இவளுக்கு ரொம்ப பயம். நீங்க போனா நாங்களும் போறோம்" என்றான் மாப்பிள்ளை. ஒருவர் செல்ஃபி எடுத்துக்கொண்டார். இன்னொருவர், மேலே போனதும் மூச்சை எப்படி விடுவது என்று கேட்டார்.

"மூக்கால" என்றார் ஏணிக்காரர். வேறு எதுவும் தோன்றவில்லை.

கூட்டம் விலகியதும் படகோட்டியைத் தனியாக ஓரங்கட்டினார்.

"தம்பி, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். படகு இன்ஜின் ரிப்பேர்னு சொல்லிடு. வேற யாருக்கும் தெரிய வேண்டாம். உனக்குப் புண்ணியமாப் போகும்."

படகோட்டி அவர் தோளைத் தட்டி, "கவலைய விடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றான். ஏணிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு இளநகையோடு மனைவி பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

ஐந்து நிமிஷத்தில் கடலே அதிர்ந்தது. முன்னதைப் போல இரண்டு பங்கு பெரிய படகு ஒன்று நுரை கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

"சின்னப் படகுல இன்ஜின் ரிப்பேர்!" என்று ஊருக்கே கேட்கக் கூவினான் படகோட்டி. "அதான் ரெட்டை இன்ஜின் படகு கொண்டாந்துட்டேன். சார் தகுதிக்கு இதுதான் சரி!"

எல்லோரும் கைதட்டினார்கள். கவுண்டர் பெண் டிக் போட்டாள்.

அப்புறம் நடந்தது எதுவும் ஏணிக்காரர் கையில் இல்லை. இடுப்பில் ஒரு பெல்ட், தொடையில் இரண்டு பெல்ட், பக்கத்தில் மனைவி. படகு சீறியது. காலுக்குக் கீழே இருந்த பலகை காணாமல் போனது.

ஐயோ என்று அவர் கத்தியது கரையில் இருந்தவர்களுக்கு உற்சாகக் குரலாகக் கேட்டது. அவர்களும் திருப்பிக் கத்தினார்கள்.

"கண்ணைத் திறங்க. ஊரு எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்றாள் மனைவி.

ஒரு கண்ணைத் திறந்தார். மொட்டைமாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், துறைமுகத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் கிரேன்கள், தீப்பெட்டி அளவு பஸ்கள். அதோ அவர்கள் தங்கியிருக்கும் ஹோட்டல். மூன்றாம் மாடி பால்கனிக் கம்பியில் மனைவி காலையில் காயப்போட்ட அவருடைய நீலக்கோடு ஜட்டி, அந்த உயரத்திலும் பளிச்சென்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க குதிச்சப்பவும் இப்படித்தான் இருந்துச்சாங்க?"

"ஆ... ஆமா. இன்னும் உயரம்."

படகு ஒரு சுற்று முடித்து, கரையை நெருங்கி, அப்படியே மறுபடி கடலுக்குத் திரும்பியது.

"என்ன இவன்? இறக்க மாட்டானா?"

"நீங்கதான் பழகினவராச்சே, ஆசையா இன்னொரு ரவுண்டு விடறான் போல. அப்ப கதவைத் திறந்தது யாரு? நீங்களே திறந்தீங்களா, இல்ல தள்ளிவிட்டாங்களா?"

"நானேதான்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

படகு மூன்றாவது சுற்றுக்குத் திரும்பியது. காற்று ஒரு தூக்குத் தூக்கி இறக்கியது. அவ்வளவுதான், ஏணிக்காரரிடம் மிச்சமிருந்த தைரியம் எல்லாம் கழன்று விழுந்தது. கயிறு அறுந்து இப்படியே செத்துப்போனால், ஹாலில் அந்தக் கட்டுரைக்குப் பக்கத்திலேயே தன் படத்தையும் மாட்டுவார்கள் என்று நினைத்தார். பொய்யும் தானும் பக்கத்துப் பக்கத்தில். அழுகை வந்துவிட்டது.

"நான் குதிக்கவே இல்லம்மா!" என்று கத்தினார். "பாராசூட்டை இன்னிக்குத்தான் கிட்டத்துல பாக்கறேன்! கடிகாரத்துக்கு பேட்டரி போட ஏறி முக்காலியிலேருந்து விழுந்தேன்! நீ சிரிச்சே. உண்மையைச் சொன்னா அந்தச் சிரிப்பு போயிடுமோன்னு பயந்துட்டேன். அன்னிலேருந்து தினம் பயந்துக்கிட்டேதான் இருக்கேன்!"

மனைவி தொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் துறைமுகத்தின் பக்கம் திருப்பியிருந்தாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"என்னங்க சொன்னீங்க? இந்தக் காத்துல ஒரு வார்த்தை கேக்கல!"

"கேக்கலையா?"

"ம்ஹூம். இருங்க, கீழ நம்ம பொண்ணு நிக்கறா பாருங்க." சிவப்புத் தொப்பியைக் கழற்றி உயரே பிடித்து நன்றாக ஆட்டினாள்.

படகு உடனே வேகத்தைக் குறைத்தது. கயிறு மளமளவென்று சுருண்டது. இரண்டு நிமிஷத்தில் ஏணிக்காரரின் கால் பலகையில் பட்டது.

கரையில் ஒரே ஆரவாரம். மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "சூப்பர்ப்பா! கொஞ்சம்கூட பயப்படலையே நீ!" புதுமண ஜோடி தைரியமாக வரிசையில் நின்றது. ஏணிக்காரருக்கு மனசு பஞ்சாகிவிட்டது. இருபத்திரண்டு வருட பாரத்தை இறக்கியாயிற்று, கேட்டவர் யாரும் இல்லை. கௌரவத்துக்கும் பங்கமில்லை. இப்படி ஒரு அதிர்ஷ்டம் யாருக்கு வாய்க்கும்!

மனைவியும் மகளும் வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவர் முட்டிப் பட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கவுண்டருக்குப் போனார். நடையிலேயே ஒரு மிடுக்கு வந்திருந்தது.

"ஏம்மா, எல்லாருக்குமே மூணு ரவுண்டுதானா?"

"இல்ல சார், ஒரு ரவுண்டுதான். உங்களுக்கு மட்டும்தான் இப்படி."

"பழகின ஆளுன்னு மரியாதையா?" என்று சிரித்தபடி அட்டையை எட்டிப் பார்த்தார். தாளில் இருந்த எழுத்து எங்கேயோ பார்த்த எழுத்தாக இருந்தது. எடையைக் கூட்டிச் சொல்வார், டிக். வலது முட்டி வலிக்கிறதென்பார், டிக். காற்று சரியில்லை என்பார், டிக். இன்ஜின் ரிப்பேர் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுவார், டிக்.

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு அந்தப் பெண் சொன்னாள். "மேடம் நேத்தே வந்து எழுதிக் குடுத்துட்டாங்க சார். கடைசி ஒண்ணுதான் பாக்கி. 'ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்ல இருந்த மாதிரியே முக்காலின்னு வாயால சொல்ற வரைக்கும் இறக்காதீங்க, சொன்னதும் தொப்பியை ஆட்டறேன்'னு போட்டிருக்கு. தொப்பிதான் ஆடிடுச்சே, டிக் போட்டுடவா சார்?"