எவ்வளவு சின்ன வட்டம் போட்டாலும்

தனபால் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு முடிப்பதற்குள், அதன் நடுவில் கோகிலாவின் பெரியப்பா மருதாசலம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க சாமி. நான் சும்மா கேட்டுக்கறேன்."

முள்ளுக்குறிச்சியில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு குடல் தொண்டைக்கு வர, ஞாயிறுதோறும் தனபால் கொல்லிமலை ஏறுவது விரிவுரையாளர் தேர்வுக்குப் படிக்கும் கோகிலாவுக்கு டோபாலஜிக் கணிதம் சொல்லித்தர. இது அவள் அப்பா சின்னுசாமியிடம் சொன்ன காரணம். கல்லூரியில் கூடப் படித்த நாளிலிருந்து அவளிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பது நிஜக் காரணம். அந்த வாக்கியம் தொண்டையை அடைத்துக் கிடந்ததில் சோறு இறங்காமல் ஆள் துணி காயப்போடும் கொடிபோல ஆகிவிட்டான்.

சின்னுசாமி லேசான ஆள் இல்லை. மாமன், மச்சான், பங்காளி அத்தனை பேரும் சுற்றிவந்து பார்த்துத் தலையாட்டாமல் தன் வீட்டுக்கு ஒரு மாடுகூட வாங்கியதில்லை என்று முதல் நாளே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

கோகிலா கெட்டிக்காரி. ஆனால் அதில் 'செப்பரபிள் ஸ்பேஸ்' என்ற கருத்து மட்டும் மாதக்கணக்கில் அவள் மண்டையில் ஏறவில்லை. அதற்காக அவன் மனசுக்குள் எல்லாச் சாமிக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டில் பெரியப்பா என்றால் தோட்டத்துக்குப் போவோம் என்று, அடுத்த வாரம் மிளகுக்கொடிகளுக்கு நடுவே கூட்டிப்போனான்.

"கோகிலா, ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லுங்க கண்ணு" என்றது மரம். அண்ணாந்து பார்த்தால், ஏணி உச்சியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தாள் சித்தி பாப்பாயி.

வேறு வழியில்லாமல் மரத்துக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினான். கோட்டில் இருக்கும் புள்ளிகளை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தவே முடியாது. பின்னங்களை வரிசையில் நிறுத்திவிடலாம். அப்படியும், கோட்டில் எங்கே எவ்வளவு சின்ன இடைவெளி எடுத்தாலும் உள்ளே ஒரு பின்னம் இருக்கும்; அதனால்தான் கோடு ஒரு செப்பரபிள் ஸ்பேஸ். பாப்பாயி இறங்கிவந்து, தனக்குப் புரிந்துவிட்டது என்றாள். கோகிலா உதட்டைப் பிதுக்கினாள்.

பலாக் காலம் வந்தது. ஆடுகூட எட்டிப்பார்க்காத பாறைமேல் அவளை உட்காரவைத்து வாயைத் திறந்தான். மாமா குழந்தைசாமி தலையில் பலாப்பழத்தோடு பாறை ஏறிவந்து, அதை இருவருக்கும் நடுவில் வைத்துப் பிளந்தார். திறந்த வாய்க்குள் ஒரு சுளை போயிற்று.

கடைசியாக, தன் கையே தனக்குத் தெரியாத ஒரு மூடுபனி நாளில், வளைவோரத்து பஸ் ஸ்டாப்வரை அவளை வழியனுப்ப வரச் சொன்னான். சுற்றிலும் வெள்ளை. உலகத்திலேயே இருவர்தான்.

"கோகிலா, நான் உங்களை..."

பனி இருமியது.

"நாந்தான் சாமி, அத்தாயி. இவளுக்கு அத்தை. பஸ்ஸுக்கு நிக்கறேன்."

தனபாலுக்குள் என்னவோ அறுந்தது.

"செப்பரபிள் ஸ்பேஸுன்னா உங்க மலைதாங்க. உங்க சொந்தக்காரங்கள வரிசையில நிறுத்தி ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுரலாம். ஆனா இந்த மலையில எங்க வேணா நில்லுங்க, எத்தனை சின்ன வட்டம் வேணா போடுங்க, உள்ளார ஒருத்தர் இருப்பாரு."

கோகிலா அத்தையை ஒரு பார்வை, அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"இப்பப் புரிஞ்சு போச்சுங்க."

அவன் நெஞ்சு மலையடிவாரத்தில் போய் விழுந்தது. புரிந்துவிட்டால் பாடம் முடிந்தது. பாடம் முடிந்தால் ஞாயிறு ஏது?

பஸ் வந்தது. ஏறி ஜன்னலைத் துடைத்துப் பார்த்தான். அவள் பச்சைத் தாவணி கொஞ்சங்கொஞ்சமாகப் பனிக்குள் கரைந்தது. அது கரைந்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இனிமேல் எந்தக் காரணத்தைச் சொல்லி இந்த வளைவுகளில் வயிறு கலங்குவது? கண் நிறைந்து, பஸ்ஸுக்குள்ளும் பனி இறங்கியது.

பஸ் முழுக்கக் காலியாகக் கிடக்க, அத்தாயி அவனை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை நீட்டி, கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"வார ஞாயித்துக்கெழமை உங்க அப்பா அம்மாளைக் கூட்டியாங்க கண்ணு, நீங்க எங்க நிக்கறீங்கன்னு வாராவாரம் கோகிலாப் புள்ளைதான் எங்களுக்குப் போன் போட்டு வரச் சொல்லுச்சு, மாப்பிள்ளையப் பாத்துத் தலையாட்டாம இருந்தது நான் ஒருத்திதான்."