முக்காமணி மாமாவின் சின்ன ஜெபம்

கடவுளுக்குத் தெரியாத விஷயங்களைக் கடவுளுக்கே தெரிவித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் சபையில், வலது பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். ஞானஸ்நானப் பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஜெபிக்கக் கண்ணை மூடினால் முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் திறக்கமாட்டார் என்பதால் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் முக்காமணி மாமா.

அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில் – களியக்காவிளை ரூட்டில் முப்பது வருஷம். ஓய்வு பெற்ற பிறகும் ஜெபத்தில் அந்த பஸ் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நாகர்கோவிலில் எடுப்பார். பார்வதிபுரத்து நோயாளிகள், வில்லுக்குறி விவசாயிகள், தக்கலை கோர்ட்டில் வழக்கு நடத்துகிறவர்கள் என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக நின்று ஆளை ஏற்றிக்கொண்டுதான் வருவார். வீட்டு ஜெபக்கூட்டங்களில் அடுக்களையில் இருக்கும் பெண்கள் தங்களுக்குள் மெதுவாகக் கேட்டுக்கொள்வார்கள்.

"எங்க வந்திருக்காரு?"

"சாமியார்மடம்."

"அப்ப தேயிலைக்குத் தண்ணி வச்சிரலாம்."

ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சில் சாப்பாட்டுக்கு முன் அவரை ஜெபிக்கச் சொல்லிவிட்டார்கள். இலையில் நெய்மீன் வறுவல் வைத்தாயிற்று. எல்லோரும் கண்ணை மூடினோம். அந்த வீட்டுப் பூனைக்கு மட்டும் அப்படி ஒரு வழக்கம் இல்லை. பஸ் அழகியமண்டபம் வருவதற்குள் அது ஏழு இலைகளை முடித்துவிட்டு எட்டாவது இலைக்குப் போயிருந்தது. மீன் போவது எனக்கு ஓரக்கண்ணில் தெரிந்தும் ஜெபத்துக்கு நடுவில் எப்படிக் குரல் கொடுப்பது? எங்கள் பக்கம் ஒருவர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது வீடே பற்றி எரிந்தாலும் ஆமென் வந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவோம்.

இந்த வசதியை மாமா முழுசாகப் பயன்படுத்திக்கொண்டார். நேரில் சொன்னால் அடிதடியாகும் விஷயங்களை எல்லாம் ஜெபத்தில் சொல்லிவிடுவார். ஒரு நிச்சயதார்த்த வீட்டில் இரண்டு வீட்டாரும் பயபக்தியோடு நிற்கும்போது, "ஆண்டவரே, மாப்பிளைக்கு முன்பல்லு ரெண்டும் கட்டுப்பல்லாக்கும். இது உமக்குத் தெரியும், பெண்ணு வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது. இதை அவிய தெரிஞ்சுக்கிட நல்ல சமயம் தாரும்" என்றார். அதைவிட நல்ல சமயம் எது? ஆமென் சொன்னதும் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தார். கல்யாணம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது.

ஆனாலும் அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்துபோய், "எதுக்காட்டு ஜெபிக்கணும், சொல்லு மக்கா" என்று கேட்டு எழுதிக்கொள்வார். அதற்குப் பெயர் ஜெபக்குறிப்பு. எழுதிக்கொண்டதைத் தினமும் காலையில் ஆண்டவரிடம் ஒப்பித்தும் விடுவார்.

எங்கள் சபையின் கோயிலுக்குப் பின்னால், சபைக்கே சொந்தமாக ஒரு வாடகை வீடு உண்டு. ஓட்டு வீடு, முற்றத்தில் பலாமரம். மெர்சி டீச்சரும் ஸ்டெல்லா சிஸ்டரும் 2004ல் அங்கே குடிவந்தார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு. ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸாக இருந்துவிட்டு வந்து இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். ஒருவர் பாடகர் குழு, இன்னொருவர் ஞாயிறு பள்ளி. எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் ஸ்டெல்லா ஊசியோடு வந்து நிற்பார். நல்ல சிநேகிதிகள், கூட்டுக்காரிகள் என்று ஐந்து வருஷம் ஊரே மெச்சியது.

பிறகு டெல்லியில் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தால் குற்றம் இல்லை என்று டிவியில் இரண்டு நாள் ஓயாமல் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு மாமா ஜெபத்தில் பஸ்ஸைக் களியக்காவிளையில் நிறுத்தாமல் நேரே டெல்லிக்கு விட்டார். "அந்த ஜட்ஜிமாருக்கு நல்ல புத்தி குடும் ஆண்டவரே" என்று அவர் உருக உருகக் கேட்டதில் எங்கள் சபைச் செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

செயலாளருக்கு அதோடு சந்தேகமும் வந்துவிட்டது. அன்றைக்கே கோயில் வாசலில் மெர்சி டீச்சரை மறித்து, "டீச்சர், கேக்கேன்னு தப்பா நெனைக்கப்பிடாது. நீங்களும் அந்த ஸ்டெல்லாவும் டிவியில சொல்லியது மாதிரியா?" என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. கணக்கு டீச்சர் அல்லவா? கேட்ட கேள்விக்குச் சரியான விடையைச் சொல்லிப் பழகிவிட்டார்.

"ஆமா சார்" என்றார். "குடைய மறந்து உள்ள வச்சிட்டேன், எடுத்துட்டு வாறேன்."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. வீட்டைக் காலிசெய்யச் சொல்ல வேண்டும் என்பது ஒன்றே பொருள். கமிட்டியில் வாலிபர் பிரதிநிதியாக நான் இருந்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. எங்கள் சபை வாலிபர் விஷயத்தில் தாராளமானது. இது அநியாயம் என்று எனக்குப் பட்டது. என் மகனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பத்து நாள் கூட இருந்து பார்த்தவர் ஸ்டெல்லா. அவரைத் தெருவில் நிறுத்த நான் கை தூக்குவதா? ஆனால் அங்கே எழுந்து பேசினால் ஊர் என்னை என்ன சொல்லும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. முந்தின நாள் கடைத்தெருவில் மாமாவிடம் மட்டும் மனசு பொறுக்காமல் புலம்பியிருந்தேன்.

கமிட்டியில் முக்காமணி மாமா உறுப்பினர் இல்லை. செயலாளர்தான் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். டெல்லிக்கே புத்தி சொன்னவர் ஜெபித்துத் தொடங்கினால் தீர்மானம் மறுபேச்சில்லாமல் நிறைவேறிவிடும் என்பது அவர் கணக்கு. மணி பன்னிரண்டு. எல்லோர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் குழம்பு காத்திருந்தது.

"மாமா, சின்னதாட்டு ஒரு ஜெபம்" என்றார் செயலாளர்.

எழுந்து நின்று கண்ணை மூடினோம். பஸ் நாகர்கோவிலில் புறப்பட்டது. தக்கலை வரை வழக்கம்போல வந்தது. இரவிபுதூர்க்கடையில் ரப்பர் விலைக்காக ஐந்து நிமிஷம் நின்றது. மார்த்தாண்டத்தில் நெரிசல் தீர ஒரு மேம்பாலத்துக்காக மன்றாடியது. அதற்குப் பிறகு குழித்துறைக்குப் போகாமல் சட்டென்று திரும்பியது.

"இப்ப நம்ம காம்பவுண்டுக்குள்ள வாறேன் ஆண்டவரே. போன செவ்வாக்கிழம நான் அந்தப் பிள்ளியளுக்க வீட்டுக்குப் போனேன். புத்தி சொல்லத்தான் போனேன், உமக்கிட்ட மறைக்க முடியுமா? போன கையோட ஜெபக்குறிப்பு கேட்டேன். டீச்சர் அடுக்களையில நின்னா. ஸ்டெல்லாக்க இடுப்புவேதனை மாறணும் மாமான்னு சொன்னா. ஸ்டெல்லா முற்றத்துல துணி விரிச்சுட்டு நின்னா. மெர்சிக்கு சுகரு கொறையணும் மாமான்னு சொன்னா. ஒருத்தி சொன்னது மத்தவளுக்குத் தெரியாது. வேற ஒண்ணும் கேக்கல்ல. ரெண்டு பேரும் தனக்குன்னு ஒண்ணுமே கேக்கல்ல."

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"முப்பது வருஷமா வீடு வீடாட்டு எழுதுகேன் ஆண்டவரே. மாப்பிள கேட்டா அவனுக்க புரமோஷன். பொஞ்சாதி கேட்டா அவளுக்க மூட்டுவேதனை. நம்ம செயலாளரு மூலவியாதி சொஸ்தமாகணும்ன்னு நாலு வருஷமா எழுதித் தாறாரு. அவருக்க பொஞ்சாதிக்க பேரு அதுல ஒருதடவ வந்ததுண்டா? நீரே நோட்டப் பாரும்."

"ஆமென்!" என்றார் செயலாளர், கோயில் அதிரும்படி. ஜெபத்தை முடித்துவைக்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்தோத்திரம்!" என்று மாமா இன்னும் உற்சாகமாகிவிட்டார். "இவிய வாழுகது சரியா தப்பான்னு எனக்கு வெளங்கேல்ல. நான் படிச்ச வேதத்துல தப்புன்னுதான் படிச்சிருக்கேன். அத நீரும் அவியளும் பேசித் தீத்துக்கிடும். வீட்டக் காலி பண்ணச் சொல்லியது நாங்களாக்கும். அதுக்கு உமக்க பேரச் சொல்லாம இருக்க எங்களுக்குக் கிருபை தாரும்."

செயலாளர் மறுபடியும் ஆமென் போட்டார். பயனில்லை. பஸ் இப்போது என் முன்னால் வந்து நின்றது.

"நம்ம வாலிபன் இங்கதான் நிக்கான். இது அநியாயம்ன்னு நேத்து கடைத்தெருவுல எனக்கிட்ட சொன்னான். இங்க சொல்ல அவனுக்கு நாக்கு வரல்ல. கோழையில்ல ஆண்டவரே, கொஞ்சம் சங்கடப்படுகான். அவனுக்க நாக்க லேசாக்கித் தாரும்."

கண்ணை மூடியிருந்தும் எல்லோரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. அவர் ஆமென் சொன்னபோது மணி ஒன்றேகால். கண்ணைத் திறந்தோம். போதகர் யாராவது பேசுங்கள் என்பதுபோலப் பார்த்தார். ஜெபத்தில் பெயர் வந்துவிட்ட பிறகு எங்கே போய் ஒளிவது? நான் எழுந்திருக்கப் பார்த்தேன். ஒரு மணி நேரமாக நின்றுகொண்டுதான் இருந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"அந்த வீடு அவங்களுக்கே இருக்கட்டும்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "என் பிள்ளைக்கு சுகமில்லாம கெடந்தப்போ ஸ்டெல்லா சிஸ்டருக்க கைதான் பாத்துச்சு. நான் காலி பண்ணச் சொல்லமாட்டேன்."

சொல்லிவிட்டுக் கையையும் தூக்கினேன். சற்று நேரம் என் கை மட்டும் தனியாக நின்றது. பிறகு பொருளாளர் தூக்கினார். அவர் மாமியாருக்கும் ஊசி போட்டவர் ஸ்டெல்லாதான். போதகர் தூக்கினார். பிறகு எண்ண வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. செயலாளர் மட்டும் தூக்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவர் பெஞ்சில் உட்காரவும் இல்லை. அது ஏன் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வெளியே வந்ததும் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, டெல்லிக்கெல்லாம் அப்படி ஜெபிச்சிட்டு இப்ப இப்படிச் செஞ்சிட்டீங்களே?"

"எனக்கு இப்பவும் முழுசும் ஒண்ணும் வெளங்கேல்லடே" என்றார். "எல்லாம் வெளங்கின பெறவுதான் ஒரு மனுசனுக்கு வீடு குடுக்கணும்ன்னா, எனக்க பொஞ்சாதி என்ன வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

அந்த வார வீட்டு ஜெபம் எங்கே என்று ஒரு பேச்சு எழுந்தது. முறைப்படி பலாமரத்து வீடு. மாமா எல்லோருக்கும் முன்னால் போய் நடுக்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பத்துப் பேர் போனோம். டீச்சர் புது ஜன்னல்திரை போட்டிருந்தார். எல்லா வீட்டிலும் ஜெபத்தின் முடிவில் குடும்பத் தலைவரையும் தலைவியையும் பேர் சொல்லி ஆசீர்வதிப்பது வழக்கம். மாமா அந்த இடத்துக்கு வந்ததும் பஸ் நின்றுவிட்டது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபத்துக்கு நடுவில் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏட்டி, இதுல ஆரு தலை?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி மற்றவரைக் காட்டினார்கள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "ஆண்டவரே, ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கையக் காட்டுகாவ. எனக்கு வெளங்கேல்ல. ஆரா இருந்தாலும் ஆசீர்வதியும்."

ஜெபத்தில் சிரிக்கக் கூடாது. அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

மாமா போய்ச் சேர்ந்து இப்போது பல வருஷங்கள் ஆகிவிட்டன. டீச்சரும் சிஸ்டரும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வரும். சிரித்து முடித்ததும் அவரை ஒருதடவை பார்க்க வேண்டும்போல இருக்கும்.