வீங்கிய மோதிர விரல்

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்குச் சாமி ஞாபகம் வரும். எனக்கு அந்தக் காலத்தில் புகையிலை ஞாபகம்தான் வரும்.

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். வீட்டில் யாருக்கும் தெரியாது. "புள்ளைக்கு டீயத் தவுர எந்தக் கெட்ட பழக்கமும் கெடையாது" என்று பெண் வீட்டாரிடம் அம்மா சத்தியமே செய்திருந்தாள்.

திருவொற்றியூரில் சின்ன ஹாலில் நிச்சயதார்த்தம். வண்ணாரப்பேட்டையிலிருந்து பெண் வீட்டார் பட்டும் தட்டுமாக மெட்ரோவில் வந்து இறங்கிவிட்டார்கள். எனக்குப் புகையிலை ஞாபகம் வந்துவிட்டது. ஜெனரேட்டர் பக்கம் ஒதுங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, நன்றாகத் தேய்த்து, கீழுதட்டுக்குள் அடக்கினேன். துப்புவதற்குள் மேடைக்கு இழுத்துப் போய்விட்டார்கள்.

வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். "மாப்பிள்ளை ரொம்ப அடக்கம்" என்றார் பெண்ணின் பெரியப்பா. (எதை அடக்கியிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.)

மல்லிகாவின் விரலைப் பிடித்து மோதிரம் போட்டேன். போட்டோக்காரர் எங்களை அதே போஸில் நிறுத்தி வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் விரல் சிவந்து, தடித்து, தடிப்பு மணிக்கட்டு வரை ஏறியது. மோதிரம் கழலவில்லை.

அவளுடைய அத்தை குனிந்து பார்த்தார். "இது தங்கந்தானா? கவரிங்னாத்தான் இப்படி அரிக்கும்."

அம்மா எழுந்துவிட்டாள். "இன்னாமா பேசுற? நகைக்கடக்காரரையே இட்டாந்து காட்டட்டா? டேய், வாயத் தொறந்து சொல்றா."

என்னால் முடிந்தது ஒரு "ம்ம்" மட்டும்.

"இன்னாடா ம்ம்?"

அதற்கும் "ம்ம்" என்றேன்.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பெரியப்பா எழுந்தபோது, மல்லிகா தன் விரலை முகர்ந்து பார்த்தாள். பிறகு என் கையை இழுத்து அதையும் முகர்ந்தாள்.

"பெரியப்பா, உங்க கடையில புகையிலைச் சிப்பத்தத் தொட்டா எனக்கு வருமே, அதே தடிப்புதான்" என்றாள். என் பக்கம் திரும்பி, "போய்த் துப்பிட்டு வாங்க, பேசலாம்."

துப்ப என்ன இருக்கிறது? பயத்தில் விழுங்கிவிட்டிருந்தேன். பதிலுக்கு விக்கல்தான் வந்தது.

சோப்புத் தண்ணீர் விட்டு மோதிரத்தைக் கழற்றி, மாத்திரை போட்ட பிறகு வீக்கம் வடிந்தது. புகையிலையை விட்டால்தான் கல்யாணம் என்றாள் மல்லிகா. விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கடலை மிட்டாயையும் கடித்துக்கொண்டு.

அத்தை அன்றே அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். என்னைத்தான் இன்னும் விடவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் புது ஆட்களிடம் கைகாட்டிச் சொல்வார்:

"அன்னிக்கு மோதிரம் அசல் தங்கம். மாப்பிள்ளதான் கவரிங்."