லண்டன் லிஸ்டும் மாமாவின் பல்லும்

இலவசமாகக் கிடைக்கிற அறிவு ஒரே வாரத்தில் ஆளை நிபுணராக்கிவிடும். என்னை ஆக்கியது. அந்த நிபுணத்துவத்தின் பலனாக என் மாமனார், பிரிட்டனில் இருந்த ஒரு பெண்மணியின் முன்னால், வாயை அகலத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டி வந்தது. மாமா மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்டதைக் காட்டினார்.

நாங்கள் இருப்பது வரக்காப்பொலையிலிருந்து உள்ளே போகிற ஒரு ரப்பர் தோட்டத்தில். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது, பால் வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குச் சம்பளமும் கிடையாது. கேகாலைப் பக்கத்து மழையைப் பார்த்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. என் கணவர் செல்வம் டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறார். நான் கேகாலைக்குப் போய் முதியோர் பராமரிப்பு கோர்ஸ் ஒன்று முடித்தேன். சர்டிஃபிகேட்டை லேமினேட் பண்ணிச் சுவரில் மாட்டியாயிற்று. வெளிநாட்டில் சில வருஷம் வேலை பார்த்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே ஒரு தனி வீடு கட்டுவது என்பது திட்டம். வீட்டின் ஜன்னல்கள் எந்தப் பக்கம் என்பது வரை முடிவு செய்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து லயத்துப் பிரியா ஒரு கடிதத்தோடு வந்தாள். டவுனில் ஓர் ஏஜென்ட் அவளுக்கு இங்கிலாந்தில் வேலை பிடித்துக் கொடுத்திருந்தான்.

"அக்கா, பாஸ்போர்ட்டையும் குடுத்துட்டேன். அம்மாதான் சொல்லுது, சுமதிக்கிட்ட ஒருக்கா காட்டுன்னு."

கோர்ஸில் எங்கள் மிஸ் ஒரு விஷயம் சொல்லித் தந்திருந்தார். வெளிநாட்டு ஆட்களுக்கு விசா ஸ்பொன்சர் பண்ண எந்தெந்த முதலாளிகளுக்கு லைசன்ஸ் இருக்கிறது என்று பிரிட்டன் அரசாங்கமே ஒரு லிஸ்டை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காசு கிடையாது. நான் போனில் அதை இறக்கினேன். இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தது. பிரியாவின் கம்பெனி அதில் இல்லை. எழுத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன், இல்லவே இல்லை.

செல்வம் அன்றைக்கே பிரியாவின் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஏஜென்ட் வீட்டுக்குப் போனார். அங்கே சிங்களத்தில் என்ன பேசினார் என்று இன்று வரை எனக்குச் சொல்லவில்லை. பாஸ்போர்ட் வந்துவிட்டது.

அதோடு என் தலையில் கனம் ஏறியது. தோட்டத்தில் எனக்கு 'லிஸ்ட் அக்கா' என்று பெயர். கலவானையிலிருந்து கூட ஒருவர் போன் பண்ணி, "தங்கச்சி, இந்தப் பேரு லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க," என்றார். நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். கொஞ்சம் இழுத்து, "பாத்துட்டுக் கோல் எடுக்கிறேன்," என்பேன். (பார்க்க அரை நிமிஷம்தான் ஆகும். டாக்டர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.)

இவ்வளவு பேருக்குப் பார்த்துச் சொன்ன நான் எனக்காக ஏன் பார்க்கக்கூடாது?

அந்த லிஸ்டில் முதலாளியின் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், என்ன வகை லைசன்ஸ் என்று இருக்கும். அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று இருக்காது. வேலை காலியா என்றும் இருக்காது. இது எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்தது மூளையில் தங்கவில்லை. அரசாங்கம் பெயரைப் போட்டிருக்கிறது என்றால் அவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன்.

'ரிட்டயர்மென்ட்' என்று போட்டுத் தேடினேன். ஒரு பெயர் மனதில் ஒட்டிக்கொண்டது. ரிட்டயர்மென்ட் என்ற சொல்லும் புல்வெளி என்று அர்த்தம் வருகிற சொல்லும் சேர்ந்த பெயர். கண்ணை மூடினால், வயதானவர்கள் புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நான் தேநீர்த் தட்டோடு நடந்து போகிறேன். அவர்களுடைய இணையப் பக்கத்தைத் திறந்தேன். மழை நேரம், சிக்னல் இல்லை. படம் ஒன்றும் திறக்கவில்லை, ஈமெயில் விலாசம் மட்டும் வந்தது. அது போதும், டேட்டா மிச்சம் என்று மூடிவிட்டேன்.

வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, தூக்கி நிறுத்திப் பழக்கம் உண்டு, பொறுமை உண்டு என்று அங்கேயும் இன்னும் சில இடங்களுக்கும் எழுதி அனுப்பினேன். மற்ற இடங்களிலிருந்து சத்தமே வராத நிலையில் இங்கிருந்து பதில் வந்தது. ஹெலன் என்ற பெண்மணி எழுதியிருந்தார். 'உங்கள் கடிதம் மிகவும் பிடித்தது. எங்களிடம் இருப்பவர்கள் எல்லோரும் பென்ஷன் எடுத்த கிழங்கள்தான். வீடியோவில் பேசலாமா?'

எனக்கு இருந்த அனுபவம் முழுக்க ஒரே ஆள்தான், என் மாமனார் ராமையா. தோட்டத்து லொறி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். படியில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு படுத்தவரை நான்தான் பார்த்து எழுப்பி நடக்க வைத்தேன். ஆகவே இன்டர்வியூ தனக்கும் சேர்த்துத்தான் என்று மாமா முடிவு செய்துவிட்டார். அன்றைக்குக் காலையிலேயே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசிக்கொண்டார்.

"கேட்டா நான் வந்து சொல்றேம்மா, நீ எப்படிப் பாத்தேன்னு."

"கேக்க மாட்டாங்க மாமா."

"கேட்டா."

எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் இஸ்தோப்பு, அதாவது முன்புறத் தாழ்வாரம். அதிலும் தண்ணீர் பீப்பாய்ப் பக்கத்து மூலை. பால்மா டின்மேல் போனைச் சாய்த்து வைத்தோம். போனுக்குப் பின்னால் செல்வமும், என் மாமியாரும், கதிரையில் மாமாவும். மழை தகரத்தில் கொட்டத் தொடங்கியது. ஹெலன் திரையில் வந்தார். அறுபதை ஒட்டிய வயது, கழுத்தில் ஒரு சிவப்பு ஸ்கார்ஃப், பின்னால் மேல்பக்கம் திறந்த ஒரு பாதிக் கதவு. பேச்சு முழுக்க இங்கிலீஷ். நான் புரிந்துகொண்டபடி இங்கே எழுதுகிறேன்.

"நீங்கள் பார்த்துக்கொண்டவருக்கு என்ன வயது?"

எழுபத்திரண்டு. படபடப்பில் நாக்கு புரண்டு, "டுவன்டி செவன், மேடம்," என்றேன்.

"இருபத்தேழா. நல்ல வயதுதான், கெட்டிக்காரர். ஓய்வுக்கு முன்னால் என்ன வேலை?"

"சாமான் ஏற்றி இழுக்கிற வேலை. தோட்டம் முழுக்க. மலையிலும் ஏறுவார்."

"பாவம், முதுகு போயிருக்குமே. எத்தனை 'ஹேண்ட்ஸ்'?"

கேள்வி கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. ஆனால் ஊனமுற்றவர்களையும் பார்க்கிற இடமாக இருக்கலாம்.

"இரண்டு, மேடம்."

ஹெலன் சற்று யோசித்தார். "லைன் சரியில்லை போல. பரவாயில்லை. கால்களை யார் பார்ப்பது?"

"நகம் நான்தான் வெட்டுவேன். அப்போது மட்டும் உதைப்பார்."

"எல்லோரும் அப்படித்தான்," என்று அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை பிறந்தது. உலகமெங்கும் கிழவர்கள் ஒரே மாதிரி.

"பற்கள்?"

"மேலே ஒன்றும் இல்லை. கீழே நாலு."

"அப்படியானால் ஊறவைத்துத்தானே கொடுக்க வேண்டும்?"

"ஆமாம் மேடம். கஞ்சியாகக் கரைத்துக் கொடுப்பேன். காலையில் வெளியே நடக்க விடுவேன், கோயில் வரைக்கும் போய் வருவார்."

"கயிறு போட்டா?"

"கயிறு இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு."

ஹெலன் முன்னால் குனிந்து என்னை உற்றுப் பார்த்தார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். போனுக்குப் பின்னால் செல்வம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ஜன்னல்கள் எந்தப் பக்கம் என்று நான் மறுபடி யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பிறகு ஹெலனின் குரல் தணிந்தது. "இதைக் கேட்பது கஷ்டம்தான். ஆனால் இந்த வேலையில் எல்லோரும் ஒரு நாள் முகம் கொடுக்க வேண்டியது. நீங்கள் யாரையாவது தூங்க வைக்க வேண்டி வந்திருக்கிறதா?"

(வளர்த்த பிராணி நோயில் கிடந்தால் ஊசி போட்டு முடித்துவிடுவதை அவர்கள் இப்படித்தான் நாகரிகமாகச் சொல்வார்களாம். அதை எந்தக் கோர்ஸிலும் சொல்லித் தரவில்லை.)

"அது எனக்குக் கஷ்டமே இல்லை மேடம்," என்றேன். "மாமாவை ஒவ்வொரு இரவும் நான்தான் தூங்க வைப்பேன்."

"ஒவ்வொரு இரவுமா?"

"ஒரு கப் கொத்தமல்லித் தண்ணீர் போதும். முரண்டு பிடித்தால் கொஞ்சம் அதட்டுவேன். காலையில் எழும்பிவிடுவார்."

ஹெலனின் முகத்தில் வந்ததை என்ன என்று சொல்வது. "நான் அவரை நேரில் பார்த்தால் நல்லது," என்றார் மெதுவாக. "இப்போது உயிரோடு இருக்கிறாரா?"

இந்தக் கேள்வியில் நான் திகைத்து நிற்கும்போதே மாமா எழுந்துவிட்டார். பேச்சில் அவருக்குப் புரிந்தது 'டீத்' என்ற ஒரு சொல்தான். அதைத்தான் பார்க்கக் கேட்கிறார்கள் என்று ஊகித்திருக்கிறார். தடியை ஊன்றி வந்து, என்னை ஓரமாகத் தள்ளி, "குட் மோர்னிங் மேடம்," என்றார். அப்போது எங்களுக்குப் பிற்பகல். பிறகு வாயைத் திறந்து, போனுக்கு நேராகக் குனிந்து, நாலு பல்லையும் காட்டினார். நன்றாகத் தெரியட்டும் என்று கீழ் உதட்டை விரலால் இழுத்தும் பிடித்தார்.

"இந்தப் பெரியவர் யார்?" என்றார் ஹெலன்.

"இவர்தான் மேடம், அவர்."

திரையில் அசைவே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். அப்போது ஹெலனின் பின்னாலிருந்த பாதிக் கதவுக்கு மேலே ஒரு நீண்ட பழுப்பு முகம் வந்தது. நிதானமாக உள்ளே நீண்டு, அவருடைய சிவப்பு ஸ்கார்ஃபைக் கவ்வி இழுத்தது.

மாமா வாயை மூடினார்.

"சுமதி, அந்தம்மாவுக்குப் பின்னால குதிர நிக்குது."

"பேசாம இருங்க மாமா."

"கெழட்டுக் குதிரம்மா."

எனக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கயிறு. உதை. ஊறவைத்த சாப்பாடு. 'ஹேண்ட்ஸ்' என்பது குதிரையின் உயரத்தை அளக்கிற கணக்கு என்பதைப் பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். ஹெலனுக்கும் அதே நேரத்தில் வந்திருக்க வேண்டும். அவர் ஸ்கார்ஃபின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். நிமிர்வார், மாமாவைப் பார்ப்பார், மறுபடி தலை மேசைக்குப் போய்விடும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது இரண்டும் எரிந்தது.

சிரித்து ஓய்ந்ததும் அவர் பலமுறை மன்னிப்புக் கேட்டார். அது ஓய்வு பெற்ற குதிரைகளைப் பராமரிக்கிற இடம். முன்பு ஒரு தடவை, குதிரைக் கால்களுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த ஒருவரை வெளிநாட்டிலிருந்து எடுப்பதற்காக அந்த லைசன்ஸை வாங்கியிருந்தார்கள். லைசன்ஸ் இருக்கிறது, அதனால் பெயர் லிஸ்டில் இருக்கிறது, அவ்வளவுதான். இப்போது ஆள் எடுப்பதாகவே இல்லை. "கடிதம் அவ்வளவு அன்பாக இருந்தது. பேசிப் பார்க்கலாமே என்று நினைத்தேன். உங்களுக்கு ஆசை காட்டியிருக்கக் கூடாது," என்றார். நல்ல மனுஷி. அதனால்தான் இன்னும் வலித்தது.

போனை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மாமி தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். செல்வம், "போகட்டும் சுமதி, வேற பாப்போம்," என்றார். நான் அழ ஆரம்பித்தேன். தனி வீடு, ஜன்னல், எல்லாம் அந்தப் பாதிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

மாமா தடியை ஊன்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"ஏம்மா, குதிரைன்னு நெனச்சும் என்னைய எடுக்கலையா அவங்க?"

மாமி முதலில் சிரித்தார். அப்புறம் செல்வம். அழுதுகொண்டிருந்த எனக்கும் தேத்தண்ணி புரையேறிவிட்டது. அந்தச் சிரிப்பு இந்த லயம் முழுக்கப் பரவ மழை விடும் வரை கூட ஆகவில்லை. செல்வத்தின் த்ரீவீல் ஸ்டாண்டில் இன்றைக்கும் யாராவது, "மாமாவத் தூங்க வச்சாச்சா?" என்று கேட்காமல் அவரைத் தோட்டத்துக்கு விடுவதில்லை.

நான் இப்போது கேகாலையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அந்த இன்டர்வியூவில் மேடம் சிங்களத்தில் முதல் கேள்வியை ஆரம்பிக்குமுன் நான் ஒன்று கேட்டேன். "மினிஸ்ஸு நேத, மேடம்?" மனுஷர்கள்தானே என்று உறுதிப்படுத்திக்கொள்வது நல்லதில்லையா. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. வேலை கிடைத்தது அதனால்தான் என்று செல்வம் சொல்கிறார், சர்டிஃபிகேட்டால் என்று நான் சொல்கிறேன். லிஸ்ட் பார்க்க ஆட்கள் இன்னும் வருகிறார்கள். பெயர் இருந்தால், கள்ளன் இல்லை என்பதற்கு அது ஒரு தொடக்கம்தான், வேலை இருக்கிறது என்று அர்த்தமில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்ததாக, அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று படத்தோடு பார்க்கச் சொல்கிறேன்.

ஹெலன் பிறகு ஒரு போட்டோ அனுப்பினார். ஸ்கார்ஃபை இழுத்த அதே குதிரை, உதடு விரிய, பல் தெரிய நிற்கிறது. 'இவரும் மருந்து குடிக்க முரண்டு பிடிக்கிறார், மாமாவுக்கு என் வணக்கம்,' என்று எழுதியிருந்தார். மாமி அதை வரக்காப்பொலை ஸ்டூடியோவில் பெரிதாக அடித்து, சட்டம் போட்டு, தங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். புதிதாக வருகிறவர்கள் யார் இது என்று கேட்டால், "அவருகூட ரிட்டையர் ஆனவரு," என்று மாமி சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

கேட்டவர்கள் குதிரையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். மாமா தன் நாலு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு, "அவருக்கு மேல்வரிசையும் இருக்கு," என்பார்.