முழங்கால் காரணமாகத் திருமணத்தை ஒத்திவைக்கக் கேட்பது

புனித லூசியாள் துணை

பள்ளிமுனை, மன்னார்.
10.01.2016

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அமிர்தநாயகம் அவர்களுக்கு,

அருட்பிரகாசம் எழுதிக்கொள்வது. நானும் மனைவி பெற்றிசியாவும் மகள் அன்ரோனெற்றும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. வங்காலையில் நீங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளைத் தம்பியும் சகல மூட்டுகளோடும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

நத்தார்ப் பெருநாளுக்கு அடுத்த நாள் போன் எடுத்து, கோவிலில் நெடுநேரம் முழந்தாளில் நின்று செபித்ததால் கால் பிசகிவிட்டது என்று சொன்னேன் அல்லவா? அது பச்சைப் பொய். நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான உதைபந்தாட்டத்தில் ஓடினேன். எனக்கு நாற்பத்தொன்பது, வயிற்றுக்கு அதைவிடக் கூட. யாரும் என்னை இடிக்கவில்லை. பந்துகூடப் பத்து யார் தூரம் தள்ளித்தான் போய்க்கொண்டிருந்தது. பழைய நினைப்பில் சட்டென்று திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. விழுந்து கிடந்தபடி நடுவரைப் பார்த்தேன். “ஆரிலை பிழை எண்டு அண்ணை விசில் ஊத?” என்று அவர் கேட்டார். இதற்கிடையில் சம்பந்தி அம்மா என் பக்தியைப் பற்றி வங்காலை முழுக்கச் சொல்லியிருக்கிறா போலும். அங்கிருந்து மூன்று பெண்கள், கோவிலில் ஆசீர்வதித்த எண்ணெயோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். “ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் முழந்தாளிலை நிப்பீங்கள்?” என்று கேட்டார்கள். வெட்கமே இல்லாமல், “நான் கணக்குப் பாக்கிறேல்லை” என்றேன்.

கொழும்பில் டொக்டர் சரிபுதீன் படம் எடுத்துப் பார்த்தார். இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு கிழிந்துவிட்டதாம். வெட்டி எடுத்தால் இரண்டு மூன்று கிழமையில் நடக்கலாம். தைத்தால் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், காலூன்றக்கூடாது. “வெட்டுங்கோ டொக்டர், தை முப்பது மகளின்ரை கலியாணம்” என்றேன். என்ன தொழில் என்று கேட்டார். எஞ்சின் திருத்துகிறேன் என்றேன். “எஞ்சினுக்கு அடியிலை இருக்கிற றபர் கிழிஞ்சா வெட்டி எறிவீங்களோ? எஞ்சின் ஓடும்தான். ஆனா அந்தப் பாரமெல்லாம் எங்கை போய் இறங்கும்? இதை வெட்டினாலும் அப்பிடித்தான். அதே பாரம் சின்ன இடத்திலை விழுந்து எலும்பை எலும்பு தேய்க்கும்” என்றார். அப்படி றபரை எறிந்துவிட்டு நான் அனுப்பிய எஞ்சின்கள் எத்தனை, ஆறு மாதத்தில் சத்தத்தோடு திரும்பி வந்தவை எத்தனை என்பது எனக்குத்தான் தெரியும். அன்ரோனெற் குறுக்கே வந்து, “தையுங்கோ டொக்டர். கலியாணத்துக்கு நான் பொறுத்திருப்பன். அப்பாக்கு இன்னும் கனகாலம் நடக்க வேணும்” என்றாள்.

நாலாம் திகதி தைத்தார்கள். ஆறு கிழமை முடியும்போது தவக்காலம் வந்துவிடும், அப்போது கோவிலில் திருமணம் வைக்கமாட்டார்கள். ஆகையால் உயிர்த்த ஞாயிறு கழிய, சித்திரை இரண்டாம் திகதிக்கு (02.04) திருமணத்தைத் தள்ளிவைக்க முடியுமா? கோவிலில் திருமண அறிவித்தல் ஒன்று வாசித்தாயிற்று என்பதும் மண்டபம் பேசியாயிற்று என்பதும் தெரியும். ஆனால் இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருந்தால் மகளின் கையை எதனால் பிடிப்பேன்? கோவில் வாசலிலிருந்து பீடம்வரை அவளோடு நடக்கவேண்டும் என்று அவள் பிறந்த நாளிலிருந்து ஆசைப்படுகிறேன். அதை நினைத்தால் அழுகைதான் வருகிறது. பொய் சொன்னதற்கும் மன்னியுங்கள்.

உங்கள் வீட்டில் சமாதானமும் வலையில் மீனும் நிறையட்டும்.

இப்படிக்கு,
ஒற்றைக்கால் சம்பந்தி
அருட்பிரகாசம்

பி.கு. (13.01): மேலே எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அன்று கடிதத்தை உறையிலிட்டுக்கொண்டு முற்றத்தில் நிற்கையில், தெருவிலிருந்து ஒரு பந்து படலை வாசலுக்குள் உருண்டு வந்தது. நான் உதைக்கவில்லை, கால் உதைத்தது. பந்து படலைக்கு நடுவால் மிக நேராகப் போனது என்பதை மட்டும் சொல்லியே ஆகவேண்டும். தையல் பிரிந்து ஓரமெல்லாம் நார்நாராகிவிட்டதாம், இனித் தைக்க இடமில்லை. நேற்று வெட்டி எடுத்துவிட்டார்கள். அன்ரோனெற் ஒரு சொல்லும் ஏசவில்லை. பந்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அடுப்படியில் போய் அழுதாள். அது ஏச்சைவிட வலித்தது.

ஆகவே திருமணம் தை முப்பதாம் திகதியே (30.01) நடக்கட்டும். பீடம்வரை அவள் கையைப் பிடித்து நடப்பேன். ஆனால் இனி முழந்தாளிடவே கூடாது என்று டொக்டரின் கண்டிப்பான உத்தரவு. திருப்பலியில் எல்லோரும் முழந்தாளிடும்போது நான் மட்டும் கதிரையில் உட்கார்ந்திருப்பேன். ஏன் என்று வங்காலையார் யாராவது கேட்டால், மனுசன் அளவுக்குமேல் முழந்தாளிட்டு முடித்துவிட்டார் என்று சம்பந்தி அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள்.