முனாப் ஹாஜியாருக்கு இருநூற்றுப் பத்து இஞ்சி, என் பேத்திக்கு ஏழரை

கிண்ணியா,
புதன்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு.

திருகோணமலையிலிருந்து ஞாயிறு தோறும் வெளிவரும் "கொட்டியாரத் தூதன்" பத்திரிகையின் கனம் ஆசிரியர் இராசையா ஐயா அவர்களுக்கு,

உங்களுக்கு வணக்கம், உங்கள் வீட்டாருக்கு என் ஸலாம். இறைவன் உதவியால் நாங்கள் இங்கு உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத, போன ஞாயிறு காலை ஏழு மணி வரைக்கும்தான் ஏலும், ஏழரைக்கு உங்கள் பேப்பர் வந்துவிட்டது. என்னை உங்களுக்கு நினைவிருக்காது. உங்கள் கலியாணத்துக்கு உங்கள் அம்மாவுக்குச் சட்டை தைத்தது நான்தான். கை இறுக்கம் என்று சொல்லியனுப்பினா. அடுத்த பஸ்ஸிலேயே ஆள் விட்டு எடுத்து, பிரித்து, கைக்கு முக்கால் இஞ்சி விட்டுத் திருத்திக் கொடுத்தனான். நல்ல மனுசி, கலியாணப் பந்தலிலேயே அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாவாம். இதை ஏன் எழுதுகிறேன் என்பது பிறகு விளங்கும்.

என் பெயர் ஸல்ஹா உம்மா, வயது எழுபத்து நாலு. அஞ்சாம் வகுப்பு மட்டும்தான் படித்தனான், ஆனால் அந்த அஞ்சையும் ஒரு நாள் விடாமல் படித்தனான், இந்தக் காலத்தில பத்துப் பதினஞ்சு படிச்ச ஆக்கள் வாசிக்காமலே விடுற உங்கட பேப்பரை நான் விலை அச்சடிச்ச மூலையிலிருந்து கடைசிப் பக்கம் ஐஸ் கட்டி விளம்பரம் வரைக்கும் வாசிக்கிறனான். வாற செவ்வாய் பிரதேச சபைத் தேர்தல். எங்கட வட்டாரத்தில தேத்தண்ணிக் கேத்தல் சின்னத்தில நிக்கிறது என்ட மகள்ட மகள் றிஷானா. ஏழு வருசம் காமன்ட் எண்ட உடுப்பு ஆலையில தைச்சு லைன் லீடரா இருந்த புள்ள. அவள் கேக்கிறது பெரிய பாலமும் இல்ல, விமான நிலையமும் இல்ல. விடிய நாலே முக்காலுக்குக் காமன்ட் பஸ்ஸுக்கு நிக்கிற பொம்புளப் புள்ளையளுக்கு, அந்தச் சந்தியில ஒரு கூரையும் ஒரு லைட்டும். அவளுக்கு எதிரா நிக்கிறவர் ஐஸ் கட்டி முதலாளி முனாப் ஹாஜியார். லைட் போட்டா நுளம்பு கூடிக் கடிக்கும் எண்டு அவர் சொன்னதுக்கு நீங்கள் பதினாலு இஞ்சி இடம் ஒதுக்கியிருந்தீங்க. ஓம் ஐயா, அளந்தனான். அம்பது வருசமா உடுப்புத் தைச்ச அளவு நாடா இன்னும் கழுத்திலதான் கிடக்குது. அஞ்சு கிழமைப் பேப்பரையும் கட்டிலில விரிச்சு அளந்து பாத்தா, முனாப் ஹாஜியாருக்கு இருநூற்றுப் பத்து இஞ்சி. மீனோட ஒரு போட்டோ, வடிகானோட ஒரு போட்டோ, குப்பை வண்டியைப் பாத்துக் கை அசைக்கிற மாதிரி ஒரு போட்டோ. என்ட பேத்திக்கு எல்லாமா ஏழரை இஞ்சி. அதில ரெண்டு இஞ்சி வேட்புமனு நாள் போட்டோ, அதிலயும் அவள்ட பாதி முகத்தை ஒரு பொலிஸ்காரர்ட தொப்பி மறைச்சிருக்கு. மிச்சம் அஞ்சரை இஞ்சிதான் போன ஞாயிறு எங்கட தலையில விழுந்த இடி. கடைசிப் பக்க ஐஸ் கட்டி விளம்பரத்தை நான் கணக்கில எடுக்கல்ல, அதையும் சேர்த்தா என்ட நாடா காணாது.

அந்த ஞாயிறு மூணாம் பக்கத்தை எடுத்து மேசையில வச்சுக்கொண்டு மிச்சத்தை வாசிங்க. அமெரிக்காக்காரன் ஊருலகத்தில உள்ள சாமானுக்கெல்லாம் புது வரி போடப் போறான், எங்கட உடுப்புக்கு நூற்றுக்கு நாப்பத்து நாலு எண்டான், பிறகு தொண்ணூறு நாள் தவணை எண்டான். கலியாணத்துக்குத் தவணை கேட்டுப் பாத்திருக்கிறன், வரிக்குத் தவணை இப்பதான் பாக்கிறன். அது பத்தி உலக நாடுகள் என்ன சொல்லுது எண்டு நீங்கள் ஒரு பெட்டி கட்டிப் போட்டிருக்கிறீங்க. சீனா எதிர்ப்பு. ஐரோப்பா அதிருப்தி. ஜப்பான் கவலை. அதுக்குக் கீழ, அதே எழுத்தில, "முனாப் ஹாஜியார் கடும் கண்டனம்." ஐயா, ஜப்பானே கவலையோட நிக்கேக்க ஹாஜியார் கடும் கண்டனத்துக்குப் போயிட்டார். வாஷிங்டனுக்குக் காகிதம் எழுதித் தபால் பெட்டியில போடுற போட்டோ வேற, ஒன்பது இஞ்சி. காகிதத்தில முத்திரை இல்ல, நான் கண்ணாடி போட்டுப் பாத்தனான். அதுக்குப் பக்கத்தில தான் கொட்டை எழுத்தில, "அமெரிக்கா வரி போடுவது சரியே: பெண் வேட்பாளர் றிஷானா." இன்ஷாப் எண்ட உங்கட நிருபர் தம்பி போனில எடுத்த பேட்டியாம்.

காமன்டில வேலை செய்ற நூற்றுச் சொச்சம் புள்ளையள் இருக்கிற வட்டாரத்தில இதைப் போடலாமா? வரியால ஓடர் குறைஞ்சா முதல்ல வீட்டுக்குப் போறது அதுகள். கப்பல்துறைப் பக்கம் போற காமன்ட் பஸ்ஸில அதுவரைக்கும் சீட்டுக்குப் பின்னால கேத்தல் நோட்டீசு ஒட்டிக்கிடந்தது, திங்கக்கிழமை விடிய அதைக் கிழிச்சு யன்னலால எறிஞ்சுட்டாங்க. ஹாஜியார்ட ஆட்டோ ஒலிபெருக்கியோட எங்கட படலைக்கு முன்னால நிண்டு உங்கட தலைப்பை வாசிக்குது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம். பொறுக்கேலாம என்ட பழைய தையல் மெசினைப் படலையடிக்கு இழுத்துப் போட்டு, துணி இல்லாம வெறும் மெசினை மிதிச்சனான், அந்தச் சத்தத்திலயாவது அது அமுங்கட்டும் எண்டு. ஆட்டோவில இருந்த பொடியன், "உம்மம்மா, எனக்கு உடுக்க ஒரு சாரம் மூட்டித் தாங்களன்" எண்டு சிரிக்கிறான்.

அதெல்லாம் பறவாயில்ல. பக்கத்து வீட்டு ஜெஸ்மின் செய்ததுதான் எனக்குத் தாங்கேலாம இருக்குது. அவளும் றிஷானாவும் ஒரே லைனில தைச்ச ஆக்கள், தேர்தலுக்கு நில் எண்டு முதல்ல உசுப்பினதும் அவள்தான். சனிக்கிழமை அவள் வீட்டுக்கு ஒரு பீங்கான் தேங்காய்ப்பால் வட்டிலப்பம் குடுத்தனுப்பினனான். எங்கட பக்கத்து வழமை உங்களுக்கும் தெரியும், சாப்பாடு வந்த பாத்திரம் வெறுமையாத் திரும்பாது. ஒண்டும் இல்லாட்டி ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் குடுப்பம். சூறாவளி அடிச்ச வருசம் குசினிக் கூரையே இல்லாத நேரத்திலயும் ஜெஸ்மின்ட உம்மா என்ட பீங்கானில ரெண்டு தேசிக்காய் வச்சு அனுப்பினவ. திங்கக்கிழமை பின்னேரம் ஜெஸ்மின் தானே வந்தாள். "இந்தாங்க உங்கட பீங்கான்" எண்டாள். கழுவித் துடைச்சு, வெறும் பீங்கான். "என்ன புள்ள, உள்ள வந்து இரன்" எண்டன். "நேரமில்ல உம்மம்மா, வேலை இருக்கும் வரைக்கும்தானே வேலைக்குப் போக ஏலும்" எண்டு சொல்லிட்டுப் போயிட்டாள். அந்தப் பீங்கானை நான் இன்னும் அலுமாரியில வைக்கல்ல. மேசையில கிடக்குது.

ஐயா, றிஷானா உங்கட தம்பியோட கதைக்கவே இல்ல. சந்திக் கூட்டத்தில அவளே எழும்பிச் சொன்னாள், "நான் அப்படி ஒரு சொல்லுச் சொல்லல்ல" எண்டு. உடனே ஒருத்தன், "அப்ப பேப்பர்காரனுக்குப் பேட்டி குடுத்தது ஜின் பிசாசா?" எண்டு கேட்டான், சனம் சிரிச்சுது. இப்ப இன்ஷாப் தம்பி, குரல் பதிவு கையில இருக்கு எண்டு சொல்லித் திரியிறாராம். அதால என்ட பேத்திக்கு இப்ப ரெண்டு பட்டப்பேர், வரிக்காரி, பொய்காரி. ஆர்ட குரல், என்ன பதிவு? தடிமன் பிடிச்ச குரலும் போனில ஒரு மாதிரித்தான் கேக்கும். சத்தியம் பண்ணு எண்டு என்னைக் கேக்காதீங்க, எங்கட குடும்பத்தில எல்லாத்துக்கும் சத்தியம் பண்ற பழக்கம் இல்ல. அவள் அப்படிக் கதைக்கிற புள்ள இல்ல. ஒரு வேளை கதைச்சிருந்தாலும் இப்பிடித்தான் கதைச்சிருப்பாள்: "அவன்ட கடை, அவன்ட கதவு, வரி போடுறது அவன்ட சரி. ஆனா அந்த வரியைத் தைக்கிற புள்ளைட கையிலிருந்து வெட்டக்கூடாது எண்டு கேக்கிறது எங்கட சரி. அதைக் கேக்கத்தான் சபைக்கு ஆள் வேணும்." இதில முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்துத் தலைப்பு வச்சா, அது உடுப்பில்ல ஐயா, ஒற்றைக் கை.

ஆகையால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது யாதெனில், இன்ஷாப் தம்பி அந்தப் பேட்டியைக் கற்பனையில் எழுதினார் என்று வாற ஞாயிறு முன்பக்கத்தில் போட வேண்டும். அவரைக் குறைந்தது ஆறு மாதத்துக்குக் காலநிலைச் செய்திக்கு மாற்ற வேண்டும். தேர்தலுக்கு முந்தி உங்களுக்கு இருப்பது அந்த ஒரு பேப்பர்தான். சனிக்கிழமையோடு பிரசாரம் முடிகிறது. அதற்குப் பிறகு றிஷானா வாய் திறக்க ஏலாது, நீங்கள் மட்டும்தான் கதைப்பீங்கள். தைத்தவர் பிழை விட்டால் தைத்தவர்தான் பிரித்துத் திருத்த வேண்டும். உங்கள் அம்மாவின் சட்டைக்கு நான் செய்ததைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் முழங்கால் வருத்தம் குறைய துஆச் செய்கிறேன். உங்கள் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, உங்கள் பேப்பரில் பெயர் வராமல் வாழ வேண்டும் என்றும் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஸல்ஹா உம்மா.

பி.கு: காகிதத்தை மடிச்சு உறையில போட்ட பிறகு இதை எழுதுறன், இடம் காணாததால பின்பக்கம் திருப்புங்க.

மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி றிஷானா வந்து குசினியில என்ட பக்கத்தில குந்தினாள். நான் நண்டு துப்பரவாக்கிக்கொண்டிருந்தனான். போனை நீட்டினாள். "உம்மம்மா, போன வியாழன் பின்னேரம் பேப்பர்காரன்ட நம்பரிலிருந்து ஒன்பது நிமிசம் கதைச்சிருக்கு. அந்த நேரம் நான் நோட்டீசு குடுக்கப் போயிருந்தன். போன் இங்க சார்ஜில கிடந்தது." நான் நண்டைப் பாத்தனான். நண்டும் என்னைப் பாத்தது.

நான்தான் ஐயா எடுத்தனான். "றிஷானா ராத்தாவா?" எண்டு கேட்டார். ஓம் எண்டு சொல்லிட்டன். நாலு கிழமையா ஒரு பேப்பர்காரரும் கோல் எடுக்காத போன் அது. அவள் வீட்டில இல்ல எண்டு சொல்லிப் போனை வச்சா, திருப்பி எடுப்பீங்களா நீங்கள்? ஹாஜியார் இல்லாட்டி அவர் வாறவரைக்கும் அவர்ட வாசலில நிண்டு போட்டோ எடுப்பீங்க, எங்களுக்கு ஒரு தரம்தான் மணி அடிக்கும் எண்டு எனக்குத் தெரியும். அதனால தொண்டையைச் செருமிட்டு, அவள்ட குரலில கதைச்சனான். மேல எழுதின ரெண்டு பாதியையும் நான்தான் சொன்னது. தம்பி பொய் எழுதல்ல, பாதியை வெட்டினது மட்டும்தான் உங்கட குற்றம். காலநிலைக்கு அவரை மாத்த வேண்டாம்.

இதை மறைச்சதுக்குக் காரணம் பயம். "போனை ஆர் எடுக்கிறது எண்டே தெரியாதவள் சபைக்குப் போறாளாம்" எண்டு ஆட்டோ பதிமூணாம் தரமும் வரும். ஆனா அவளைப் பொய்காரி எண்டு சொல்றதை விட அது நல்லம். றிஷானா என்னை ஏசல்ல. போனுக்குப் பூட்டு நம்பர் போட்டுட்டு எழும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில பேனையோட திரும்பி வந்து, "அந்த ரெண்டாவது பாதியை இன்னொருக்காச் சொல்லுங்க" எண்டாள். எழுதி எடுத்தாள்.

பிறகு நான் சீலையை இழுத்துப் போட்டுக்கொண்டு சந்திக்குப் போனன். காமன்ட் பஸ் வந்து புள்ளையள் இறங்கிற நேரம். இருட்டு, லைட் இல்லைதானே, ஒருத்தர்ட முகமும் தெரியல்ல, அதால எனக்குச் சொல்ல லேசா இருந்தது. எல்லாத்தையும் சொன்னன். ஒருத்தி, "எங்க, பேத்திட குரலில ஒருக்காக் கதைச்சுக் காட்டுங்க பாப்பம்" எண்டாள். கதைச்சுக் காட்டினன். சிரிச்ச குரலுகளுக்குள்ள ஜெஸ்மின்ட குரலைத் தேடினன், கிடைக்கல்ல.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போடுங்க: வரி பத்திச் சொன்னது றிஷானா அல்ல, ஸல்ஹா உம்மா, வயது எழுபத்து நாலு, சொன்னதின் மற்றப் பாதி இது. என்ட போட்டோவும் உறையில வைச்சிருக்கிறன், அதையும் போடுங்க, தொப்பி ஒண்டும் மறைக்காத போட்டோ. எனக்கு இருநூற்றுப் பத்து வேண்டாம். நீங்கள் பிழையைப் போட்ட அதே பக்கத்தில, அதே எழுத்தில, அதே அஞ்சரை இஞ்சி. நாடா கழுத்திலதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து அந்தப் பீங்கானில நண்டுக்கறி போட்டு ஜெஸ்மின் வீட்டுப் படலையில வச்சிட்டு வந்தனான். கதவு திறந்த சத்தம் கேட்டது, பீங்கானை எடுத்த சத்தமும் கேட்டது. இன்னும் திரும்பி வரல்ல. ஞாயிற்றுக்கிழமை உங்கட பேப்பரும் வரட்டும், என்ட பீங்கானும் வரட்டும். ரெண்டில எது வெறுமையா வருது எண்டு பாப்பம்.